நெல்லைச் சீமையில் ஒரு தொடர்கொலைக் கதை: வாசகனுக்கு நம்பிக்கை எங்கே போகிறது?

மறுகால்:

தொடர்கொலைக் கதையைச் சென்னையிலிருந்து பெயர்த்து அம்பாசமுத்திரத்திலோ நாங்குநேரியிலோ வைத்தால் வாசிக்கிறவனுக்கு எந்த இடத்தில் நம்பிக்கை போகிறது? அதைப் பேசத்தான் இந்த இழை. கதைச் சுருக்கம் வேண்டாம். எந்த விவரம் நின்றது, எது சரிந்தது, ஏன் சரிந்தது என்று எழுதுங்கள்.

என் முதல் புகார் முதல் பிணத்தைப் பற்றியது. பெருநகரக் கதையில் பிணம் கிடந்ததும் ‘யார் செய்தது’ என்று தொடங்கலாம். இங்கே அதற்கு முந்தின கேள்வி ‘செத்தது எந்தத் தெரு ஆள்’, அதாவது எந்தச் சாதி என்பது. தெரு தெரிந்ததும் ஊரில் பாதிப் பேர் விடையும் கிடைத்துவிட்டதாக நம்பிவிடுவார்கள். ஆடியில் வடக்குத் தெருவில் ஒருவர், புரட்டாசியில் தெற்குத் தெருவில் ஒருவர், கார்த்திகையில் மறுபடி வடக்குத் தெரு என்று விழுந்தால், பழிக்குப் பழி என்பதைத் தவிர ஊர் வேறு எதையும் நினைக்காது. ஒரே கை என்று யாருக்கும் தோன்றாது. கொலைகாரன் ஒளிந்துகொள்ள இதைவிடப் பெரிய மறைவு கிடையாது. ஆனால் பல கதைகளில் இரண்டாவது பிணத்திலேயே இன்ஸ்பெக்டர் ‘இது சைக்கோ வேலை’ என்று சொல்லிவிடுகிறார். அங்கேயே எனக்குப் புத்தகம் கீழே போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. 2005-இல் எப்.பி.ஐ. கூட்டிய நிபுணர் கூட்டம், தனித்தனிச் சம்பவங்களில் ஒரே ஆளால் இரண்டு பேரோ அதற்கு மேலோ கொல்லப்பட்டாலே தொடர்கொலை என்று வரையறை செய்தது. நம் சட்டத்தில் அப்படி ஒரு குற்றப் பெயரே இல்லை. ஒவ்வொரு சாவும் தனி எப்.ஐ.ஆர்., தனிக் குற்ற எண், தனிக் கோப்பு. கோப்புகளை யாராவது ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ‘தொடர்’ பிறக்கும். அந்த ஒருவர் யார், எந்தக் காரணத்தால் மூன்று கோப்பும் ஒரே மேசைக்கு வந்தன என்பதில்தான் கதை இருக்கிறது.

கைப்பற்று மகஜர்:

மறுகால் அண்ணாச்சி சொன்ன மேசையைப் பற்றியே பேசுவோம். திருநெல்வேலி மாநகருக்கு கமிஷனர், சுற்றியுள்ள மாவட்டத்துக்கு எஸ்.பி., 2019 நவம்பரிலிருந்து தென்காசி தனி மாவட்டம் என்பதால் அதற்கு வேறு எஸ்.பி. முக்கூடலில் ஒன்று, பேட்டையில் ஒன்று, ஆலங்குளத்தில் ஒன்று என்று பிணம் விழுந்தால் மூன்றும் மூன்று அதிகாரிகளிடம் போகும். மாவட்டங்களைச் சேர்த்துப் பார்க்க நெல்லைச் சரக டி.ஐ.ஜி., அதற்கு மேலே மதுரையில் தென்மண்டல ஐ.ஜி. ஒரு எஸ்.ஐ. தனியாளாக மூன்று கொலையையும் துப்புத் துலக்குவதாக எழுதினால் நிற்காது. ஸ்டேஷன் லிமிட் விவகாரத்தையும் விட்டுவிடுகிறார்கள். குளத்தின் இந்தக் கரை ஒரு லிமிட், மடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு லிமிட். பிணம் எந்தப் பக்கம் ஒதுங்கியது என்பதிலேயே அரை நாள் போகும்.

அதைவிடப் பெரிய ஓட்டை சந்தேக மரணக் கோப்பு. கிணற்றிலோ குளத்திலோ தூக்கிலோ கிடைக்கும் உடலுக்கு முதலில் போடுவது கொலை வழக்கு இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 174, 2024 ஜூலை 1-க்குப் பிறகு அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 194. பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை, பிறகு பிரேதப் பரிசோதனை. சந்தேகம் கிளம்பினால்தான் செக்‌ஷன் ஆல்டர் செய்து கொலை வழக்காக, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (இ.பி.கோ.) 302, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ். சட்டத்தில் 103 ஆக மாற்றுவார்கள். தொடர்கொலைகாரனின் முதல் இரண்டு மூன்று கொலைகள் இந்த 194 கட்டில்தான் கிடக்கும், ‘வயிற்று வலி தாங்காமல்’, ‘குடிபோதையில் தவறி விழுந்து’ என்று மூடப்பட்டு. அந்தக் கட்டை அவிழ்க்கிறவர் பெரும்பாலும் அதிகாரியாக இருக்க மாட்டார். கோப்பு எழுதும் ஸ்டேஷன் ரைட்டரோ பழைய ஏட்டையாவோதான். இந்த ஆளைக் கதாநாயகனாக்கிய கதையை வாசிக்க நான் காத்திருக்கிறேன்.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று எழுதுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டும். 2024 ஜூனில் நடந்த கொலைக்கு இ.பி.கோ. 302, ஜூலையில் நடந்ததற்கு பி.என்.எஸ். 103. ஒரே ஆள் செய்த இரண்டு கொலைக்கு இரண்டு சட்டம். இதைச் சரியாகக் கையாண்டாலே வாசகனுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

வெயிலுகந்தாள்:

பிணவறைப் பக்கம் நடக்கிற தவறுகளைச் சொல்கிறேன். இதில்தான் மொழிபெயர்ப்பு வாடை அதிகம் அடிக்கிறது.

‘உடல் வெப்பம் இவ்வளவு குறைந்திருக்கிறது, அதனால் இறந்து ஆறு மணி நேரம்’ என்று டாக்டர் சொல்வது குளிர்நாட்டுக் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் வெளி வெப்பமே 38 டிகிரி செல்சியசைத் தொடும். உடல் வெப்பம் 37. வெட்டவெளியில் கிடக்கிற உடல் குளிராது, ஏறக்கூடச் செய்யலாம். அந்த மாதத்தில் வெப்பமானியை வைத்து நேரம் சொல்லவே முடியாது.

அதனால் வேறு அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். விறைப்பு தாடையிலும் கழுத்திலும் 1 முதல் 2 மணி நேரத்தில் தொடங்கும், உடம்பு முழுக்கப் பரவ 12 மணி நேரம் வரை ஆகும். கோடையில் 18 முதல் 36 மணி நேரத்தில் விலகியும்விடும். அடிவயிற்றின் வலப்பக்கத்தில் பச்சை நிறம் ஏறுவது கோடையில் 12 முதல் 18 மணி நேரத்தில், குளிர்காலத்தில் ஒன்றிரண்டு நாளில். ஈ முட்டையிட்டால் ஒரு நாளைக்குள் புழு. தேரிக்காட்டில் இரண்டு நாள் வெயிலில் கிடந்த உடலை மகன் முகம் பார்த்து அடையாளம் சொல்கிறான் என்று எழுதுகிறார்கள். முகம் அந்த நிலையில் இருக்காது. அரைஞாண், தழும்பு, பச்சை குத்தியது, கட்டிய சாரத்தின் கரை இவைதான் அடையாளம். நம் கதைக் களத்தில் சாதியைக் காட்டக் கையில் கட்டிய நிறக் கயிறும் ஓர் அடையாளம், அது மற்றவர்கள் பேச வேண்டிய விஷயம்.

குளத்தில் கிடந்த உடல் என்றால் டையாட்டம் சோதனை. தண்ணீரில் வாழும் நுண்பாசி அது. உயிரோடு மூழ்கினால் மூச்சில் உள்ளே போய் ரத்த ஓட்டத்தில் கலந்து எலும்பு மச்சை வரை சேரும். மச்சையில் கிடைத்தது அந்தக் குளத்துப் பாசிதானா என்று ஒப்பிட, உடல் எடுத்த அன்றே அதே இடத்துத் தண்ணீர் மாதிரி எடுத்திருக்க வேண்டும். மறுநாள் மழை பெய்து குளம் நிரம்பி மறுகால் பாய்ந்துவிட்டால் அது வேறு தண்ணீர். ‘ஆற்றில் அமுக்கிக் கொன்று குளத்தில் போட்டான்’ என்ற திருப்பம் வேண்டுமென்றால், அந்தத் தண்ணீர்ப் பாட்டிலை யார் எடுத்தார் என்பதைப் பத்தாம் பக்கத்திலேயே நட்டுவைக்க வேண்டும்.

விஷச் சந்தேகத்தில் இரைப்பையும் அதில் உள்ளதும், சிறுகுடல் 30 செ.மீ. அளவு, ஈரலில் ஒரு துண்டு, இரண்டு சிறுநீரகத்திலும் பாதிப் பாதி, ரத்தம் இவற்றை எடுத்து உறுப்புகளைச் செறிவான உப்புக் கரைசலில் வைப்பார்கள். கதைகளில் எல்லாவற்றையும் பார்மலினில் போட்டுவிடுகிறார்கள். பார்மலினில் போட்டால் விஷத்தைப் பிரித்தெடுப்பது சிரமம். அது திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான முறை. ரத்தம் நனைந்த துணியை பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுவதும் தவறு. நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்கணும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுப்போகும். கொலைகாரன் தப்பிக்கக் காரணம் தேடுகிறவர்களுக்கு அந்தப் பிளாஸ்டிக் பை ஒன்றே போதும்.

கோடகன்கால்:

வெயிலுகந்தாள் அக்காவிடம் ஒரு கேள்வி. ராத்திரி பத்து மணிக்குக் கொலை, பன்னிரண்டு மணிக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் என்று எழுதலாமா? அப்படி நடக்குமா?

வெயிலுகந்தாள்:

பொதுவாக நடக்காது. இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் இவை அதில் சேராது. ஒரே விலக்கு, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும் நிலை. இந்த விலக்கு நம் கதைக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். விடிவதற்குள் உடலைக் கொடுத்துவிட அதிகாரிகள் அவசரப்படுவார்கள், பகல் வெளிச்சத்தில்தான் அறுக்கணும் என்று சொந்தக்காரர்கள் நிற்பார்கள். பரிசோதனையை வீடியோ எடுக்கணும், தங்கள் தரப்பு டாக்டர் ஒருவர் கூட நிற்கணும் என்ற கோரிக்கையும் வரும். அந்த இரவை மட்டும் வைத்தே ஐம்பது பக்கம் எழுதலாம்.

மறுகால்:

அதோடு ‘உடலை வாங்க மாட்டோம்’ என்பதையும் சேர்க்க வேண்டும். வெளியூர்க்காரர் எழுதும் கதையில் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் அடுத்த காட்சி சுடுகாடு. இங்கே பிணவறை வாசலில்தான் கதை நிற்கும். கைது செய்யும்வரை வாங்க மாட்டோம், வழக்கில் இன்ன பிரிவைச் சேர், வீட்டில் ஒருவருக்கு அரசு வேலை கொடு. ஆர்.டி.ஓ. வருவார், தாசில்தார் வருவார், டி.எஸ்.பி. வருவார், பேச்சுவார்த்தை இரண்டு மூன்று நாள் ஓடும். போலீஸ் மேல் உள்ள நெருக்கடி அந்த நாட்களில்தான் ஏறும். கைக்குக் கிடைத்த ஆளைக் கணக்குக்குக் காட்டும் தவறு நடக்க இடமுள்ளதும் அப்போதுதான். தவறான கைது தொடர்கொலைக் கதைக்கு வேண்டிய திருப்பம். அதை இன்ஸ்பெக்டரின் முட்டாள்தனத்திலிருந்து வரவழைக்காமல் பிணவறை வாசலிலிருந்து வரவழைத்தால் உண்மையாக இருக்கும்.

கைப்பற்று மகஜர்:

பிரிவு சேர்ப்பது பற்றி ஒரு நுணுக்கம். செத்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பேசப்படும். அந்தச் சட்டத்தில் குற்றவாளி பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவராக இருக்க வேண்டும். தொடர்கொலையில் குற்றவாளி யாரென்றே தெரியாது, பிறகு எப்படிச் சேர்ப்பது? குடும்பம் சேர்க்கச் சொல்லும், போலீஸ் தயங்கும். சேர்த்துவிட்டால் 1995 விதிகளின்படி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் கையிலிருந்து கோப்பு மாறும். கொலைக்கு நிவாரணத் தொகையும் உண்டு, 2016 திருத்தத்தின்படி அதில் பாதி பிரேதப் பரிசோதனைக்குப் பின், மீதி குற்றப்பத்திரிகை தாக்கலானதும். ஆக, மூன்று கொலையில் ஒன்றுக்கு மட்டும் டி.எஸ்.பி., மற்ற இரண்டுக்கு இன்ஸ்பெக்டர்கள். ஒரே கை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போக இந்தப் பிரிவினையே போதும். கொலைகாரனுக்கு அபார மூளை இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பிசானம்:

நண்பர்கள் எல்லாரும் விவரத்தைப் பேசுகிறீர்கள். எனக்கு மனத்தாங்கல் முடிவில்தான். முந்நூறு பக்கம் சாதிப் பதற்றத்தைக் காட்டிவிட்டு, கடைசியில் ‘இதற்கும் சாதிக்கும் சம்பந்தமே இல்லை, சின்ன வயதில் அடிபட்டுப் புத்தி பிசகின ஒரு கோட்டிக்காரன் செய்தது’ என்று முடிக்கிறார்கள். வாசகனைப் பெருமூச்சுவிட வைத்து அனுப்பும் முடிவு இது. ஊர் சுத்தமாகிவிடுகிறது, பழி ஒருத்தன் தலையில் விழுகிறது. இந்தச் சீமையில் நடந்ததை அறிந்தவர்களால் இதை எப்படி ஏற்க முடியும்? 1995 ஆகஸ்ட் 31 கொடியன்குளத்தில் போலீஸ் ஊருக்குள் புகுந்து தாக்கியது. 1997-இல் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்த ஒரு பெயருக்காக மூண்ட கலவரம், கடைசியில் மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்கள் எல்லாவற்றையும் அரசே எடுத்தது. 1999 ஜூலை 23 மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் தடியடி, தாமிரபரணியில் 17 உயிர், அதில் கைக்குழந்தையும் உண்டு. இதில் எது ஒரு தனிமனிதனின் கோட்டித்தனம்?

மறுகால்:

பிசானம் அண்ணாச்சி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் கொலைகாரன் சாதிக்காகத்தான் கொல்ல வேண்டும் என்றால் அது பழிக்குப் பழிக் கதை, தொடர்கொலைக் கதை ஆகாது. கொலையின் காரணம் தனிமனிதனுடையதாக இருக்கலாம். அவன் இத்தனை நாள் பிடிபடாமல் இருந்ததற்குக் காரணம் ஊருடையது. முதல் கொலையில் ஒரே ஒரு சாட்சி எதிர்த் தெருவுக்குப் போய்ப் பேசியிருந்தால் இரண்டாவது நடந்திருக்காது. பேச முடியவில்லை. முடிவில் கொலைகாரனின் பெயர் தெரிந்த பிறகும் அந்தத் தெருக்களுக்கு நடுவில் உள்ள தூரம் அப்படியே இருக்க வேண்டும். அப்போது ஊர் சுத்தமாகாது.

பிசானம்:

அப்படி எழுதினால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. நம்மிடம் சரண்டர் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கொலை நடந்த சில நாளில் தொலைவில் உள்ள ஏதாவது ஒரு ஊர்க் கோர்ட்டில் போய்ச் சரணடைவது. தொடர்கொலைகாரன் செய்த ஒரு கொலையை, பெயருக்காகவும் பயத்தை விதைக்கவும் ஒரு கோஷ்டி தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு ஆளைச் சரணடைய வைத்தால் என்ன ஆகும்? கோப்பு முடிந்தது. செய்யாத கொலைக்கு ஆள் உள்ளே, செய்தவன் வெளியே. எதிர்த் தரப்பு அதற்குப் பதிலாக உண்மையாகவே ஒரு கொலை செய்யும். இப்போது ஐந்து பிணத்தில் எது தொடர், எது பழி என்று பிரிப்பதுதான் துப்பறிதல். பல பேர் சேர்ந்து வெட்டிய உடலில் வெவ்வேறு திசையிலிருந்து தலை, கழுத்து, தோளில் வெட்டு, தடுத்த முன்கைகளில் வெட்டு என்று இருக்கும். தனியாள் வேலையில் காயங்கள் ஒரு பக்கம் சாய்ந்து வரும், ஆள் அசந்த நேரமோ பின்னாலிருந்தோ நடந்திருக்கும். இந்த வித்தியாசம் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் காயம் 1, காயம் 2 என்று நீளம், அகலம், ஆழத்தோடு கிடக்கும். படிக்கிற கண்தான் வேண்டும்.

அரிவாள் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லைக் கதை என்றதும் ‘திருப்பாச்சி அரிவாள்’ என்று எழுதாதீர்கள். திருப்பாச்சேத்தி சிவகங்கைப் பக்கம்.

மகுடம்:

சுடலைமாடனைப் பற்றி யாரும் பேசவில்லையே. தொடர்கொலைக் கதை நெல்லைக்கு வந்தால் கொலைகாரன் சாமியாடியாக இருப்பான், பிணத்தின் நெற்றியில் திருநீறு, பக்கத்தில் அறுத்த கோழி. இது தெரியாமல் செய்யும் அவமரியாதை.

கொடை என்கிற சாமி திருவிழாவுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கால்நாட்டு, குடியழைப்பு, மதியக் கொடை, சாமக் கொடை. வில்லுப்பாட்டு சாமியின் கதையைப் பிறப்பிலிருந்து பாடிவரும், சில கோயில்களில் கணியான் ஆட்டமும் அதற்கு அடிக்கும் மகுடப் பறையும். சாமக் கொடையில் சாமியாடி சுடுகாட்டுக்கு மயான வேட்டை போவது உண்டு. அந்த நேரம் எதிரே யாரும் வரக்கூடாது, தெருவில் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தும் ஊர்களும் உண்டு. கதைக்கு இது தருவது சாட்சியே இல்லாத ஒரு மணி நேரம். சாமியாடியைக் கொலைகாரன் ஆக்க வேண்டியதே இல்லை. ஊர் முழுக்கக் கண்ணை மூடிக்கொள்ளும் அந்த நேரத்தைத் தெரிந்த ஒருவன் போதும். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும், எங்கே மேளத்தை நிறுத்த வேண்டும் என்பதற்கு அமைதிக் கூட்டத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கும். போலீஸ் முழுவதும் அந்தத் தெருமுக்கில் நிற்கும், ஓடைப் பக்கம் ஆளிருக்காது.

இன்னும் ஆழமானது ஒன்று. நம் பக்கத்துத் தெய்வங்களில் பல பேர் கொலையுண்டவர்கள். காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயர் இருக்கிறார். பிராமணராகப் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்து அக்காள் தங்கை பொம்மக்கா, திம்மக்காவை மணந்து அவர்கள் தொழிலையே ஏற்று, மாடு கவரவந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவர். இன்றும் அங்கே தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். கொன்றவன் பெயரைப் பெரும்பாலும் யாரும் பாடுவதில்லை, செத்தவருக்குத்தான் பீடமும் படையலும். தொடர்கொலை நாவல் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. கொலைகாரனுக்கு நூறு பக்கம் பிள்ளைப் பருவம், செத்தவருக்கு அரைப் பக்கம். இந்த மண்ணில் வைத்து எழுதுகிறவர் செத்த ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஓர் அத்தியாயம் பிறப்பிலிருந்து கொடுத்துப் பார்க்கட்டும். வில்லுப்பாட்டு அப்படித்தான் செய்கிறது.

கோடகன்கால்:

மகுடம் அண்ணாச்சி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். பேச்சு வழக்கு பற்றிச் சுருக்கமாக. எல்லார் வாயிலும் ‘ஏலே’ போடுவது தவறு. ‘ஏலே’ வயதில் சின்னவனை அல்லது நெருங்கினவனை, ‘வே’ சம வயது ஆண்களுக்குள், பெண்பிள்ளையை ‘ஏளா’. சாதி பார்க்கிற ஊரில் யார் யாரை ‘வே’ போடலாம், யார் போட்டால் சண்டை என்பது எழுதாத சட்டம். ஒரு பையன் பெரியவர் ஒருவரை ‘வே’ என்று கூப்பிட்ட ஒரு வரியிலேயே பதற்றம் வந்துவிடும், பக்கம் பக்கமாக விளக்கத் தேவையில்லை. கைக் கயிறும் அப்படித்தான். 2023-இல் நாங்குநேரியில் மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் நிறக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எல்லாவற்றையும் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது. கதையில் கயிற்றின் நிறத்தைச் சொல்லி எந்தச் சாதி என்று அடிக்குறிப்புப் போட வேண்டாம். பிணத்தின் மணிக்கட்டில் வெயில் படாத வெளுப்புக் கோடு மட்டும் இருக்கிறது, கயிற்றைக் காணோம் என்று எழுதினால் உள்ளூர் வாசகனுக்கு நெஞ்சு அடைக்கும்.

வெயிலுகந்தாள்:

அந்த வெளுப்புக் கோடு நல்ல தடயம். ஐந்து உடலிலும் கயிறு அறுக்கப்பட்டிருந்தால், நிறம் வேறு வேறாக இருந்தாலும் கை ஒன்று என்று தெரிந்துவிடும். ஆனால் பிரேத விசாரணை அறிக்கையில் ‘கையில் கயிறு இல்லை’ என்று யாரும் எழுத மாட்டார்கள், இருப்பதைத்தான் எழுதுவார்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

கைப்பற்று மகஜர்:

அருமை. அதோடு முடிவையும் யோசிக்கலாம். ஆள் பிடிபட்டு ஸ்டேஷனில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவதோடு நாவல்கள் முடிகின்றன. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டம் 25, இப்போது புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ. 23. அவன் சொல்லி அதனால் ஒரு பொருள் கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சியாக நிற்க, பொத்தையடிப் புதரிலிருந்து அரிவாள் எடுக்கும் காட்சி. பொருளைக் கைப்பற்றியதை எழுதும் அந்த மகஜரில் நேரம் இடித்தால் போச்சு. எப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் விளக்கமில்லாத தாமதம் இருந்தாலும் எதிர்த் தரப்பு வக்கீல் விட மாட்டார்.

இந்தக் கதையில் கொலைகாரனிடம் கிடைக்க வேண்டியது அரிவாள் இல்லை. ஐந்து நிறக் கயிறு. கைப்பற்றிய பொருள் படிவம் 95-இல் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய், அங்கிருந்து கடிதத்தோடு தடய அறிவியல் கூடத்துக்குப் போகும். வியர்வை பட்ட கயிற்றில் தோல் செல் இருக்கும், டி.என்.ஏ. எடுக்கலாம். ஆனால் ஐந்தையும் ஒரே உறையில் போட்டு அனுப்பிவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிவிடும், எது யாருடையது என்று சொல்ல முடியாது. 90 நாளைக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் அவன் சட்டப்படி ஜாமீன் கேட்கலாம். குண்டர் சட்டத்தில் அடைத்திருந்தால் வெளியே வர முடியாது, அதற்கு கலெக்டரோ கமிஷனரோ உத்தரவு போட்டிருக்க வேண்டும். ஐந்து லிமிட், மூன்று அதிகாரிகள். எண்பத்தெட்டாவது நாள் ரைட்டர் அந்த உறையைப் பிரித்துப் பார்ப்பதில் கடைசி அத்தியாயம் தொடங்கட்டும்.